ஆறு மாடுகளுக்கு ஒரு ஞாயிறு

எழுபதைத் தாண்டியவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு நேரம் இல்லை. நேரம் இருந்தாலும் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்த மாட்டார்கள்.

போன ஞாயிறு நம் ஆலயத்தில் பத்தொன்பது பேர் இருந்தோம். மின்விசிறிகள் இருபத்திரண்டு. கூரையில் தொங்குபவை பதினாறு, சுவரில் ஆறு. குளிர்சாதனப் பெட்டிகள் நான்கு, அவற்றில் இரண்டு ஓடாது. பத்தொன்பது பேரில் இரண்டு பேர் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசாப் பையன்கள். கைப்பேசிக்கு சார்ஜ் போட வருகிறார்கள். ஆனால் ஜெபத்தின்போது கண்ணை மூடுகிறவர்கள் அவர்கள் இருவரும்தான்.

ஆளைவிட விசிறி அதிகமான இடத்தில் சண்டை மட்டும் குறையவில்லை. ஆலயத்துக்கு முன்னால் உள்ள காலி மனையைக் கம்பெனி பஸ்கள் நிறுத்துவதற்கு விடுவதா, விட்டால் யார் கையெழுத்துப் போடுவது என்று சென்ற மாதம் பொதுக்கூட்டத்தில் பேச்சு எழுந்தது. பேச்சு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பாடகர் குழுவின் மைக் கம்பியைப் பிடுங்கிப் பொருளாளரின் நெற்றியில் அடித்தார்கள். நான்கு தையல். பொருளாளரின் மைத்துனர் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிச் செயலாளரின் ஆட்கள்மேல் வீசினார். உடைந்தவை பதினொன்று. போதகர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு தலையை மட்டும் காட்டினார். நான் எழுந்து, "நிறுத்துங்கப்பா" என்றேன். செயலாளரின் மகன், நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த பையன், என் தோளைப் பிடித்து அழுத்தினான்.

"பெருசு, நீ குந்து. நடுவுல வந்து மூஞ்சி கீஞ்சி ஒடஞ்சா உன்ன வேற தூக்கினு ஓடணும்."

குந்தினேன். போலீஸ் வந்து இரண்டு தரப்பையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனபிறகு, உங்களில் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டீர்கள். "அந்தக் காலத்துல மாட்டுக் கொட்டாயில குந்திப் பாடினோம், ஆனா அன்பா இருந்தோம்" என்றீர்கள். அதற்கு நான் தலையாட்டவில்லை. ஏன் என்று கேட்டீர்கள். அங்கே சொல்ல முடியவில்லை, இங்கே சொல்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கொட்டகை எங்களுடையதல்ல, ஆண்டையுடையது. ஊரின் நிலமெல்லாம் அவருடையது. சேரியில் பாதிப் பேர் அவருக்குப் படியாட்கள். என் அப்பா அவருடைய மாடுகளைப் பார்த்துக்கொண்டார். மூன்று ஜோடி, ஆறு மாடுகள். அவற்றை ஓட்டி உழுவது, தீனி வைப்பது, ஏரிக்கரை ஓரம் இருந்த அந்த ஓலைக் கொட்டகையிலேயே காவல் கிடப்பது எல்லாம் அவர் வேலை. ஆண்டைக்குச் சாணி நாற்றம் ஆகாது. அந்தப் பக்கம் அவர் வருவதே இல்லை. அதனால் சேரியில் ஞானஸ்நானம் பெற்ற ஏழு குடும்பங்களும் ஞாயிறு காலை அங்கே கூடினோம். கைக்குழந்தைகளை விட்டுவிட்டால் இருபத்தாறு பேர்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து உபதேசியார் சைக்கிளில் வருவார். வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான் ஐந்து. ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்து அதன்மேல் புத்தகத்தை வைத்து வாசிப்பார். கொசுவுக்காக நொச்சித் தழையைப் புகைய விட்டிருப்போம். புகைக்குள் மாடுகள் அசைபோடும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு மாடு மூத்திரம் பெய்யத் தொடங்கினால் உபதேசியார் வாசிப்பை நிறுத்திவிட்டு, விரலை வரியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அது முடித்தால் அடுத்தது தொடங்கும். யாரும் சிரிக்க மாட்டார்கள், பழகிப்போயிருந்தது.

அந்த வருஷம் மழை நின்று ஏரி நிறைந்து, நவரைப் பட்ட நெல்லுக்கு உழவு தொடங்கியிருந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கியதால் பிறப்பின் கதையைச் சொன்னார். பிள்ளையைத் துணியில் சுற்றி முன்னணையில் கிடத்தினார்கள் என்றார்.

"முன்னணைன்னா இன்னாங்க ஐயா?" என்றாள் அத்தை. அப்பாவின் தங்கை. எதையும் கேட்காமல் விடாதவள்.

உபதேசியார் மாட்டுத் தொட்டியைக் காட்டினார்.

அத்தை எழுந்து போய்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "இதுலயா? கழனித்தண்ணி ஊத்துறதுலயா புள்ளையப் போட்டாங்க? அந்தம்மாவுக்கு ஒரு மொறம் குடுக்க நாதியில்லையா அந்த ஊர்ல?"

எல்லோரும் சிரித்தோம், உபதேசியாரும்தான். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் மூன்று தொட்டிகளில் ஒன்று மட்டும் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கிடந்தது. மாட்டுக்கு அதில் தண்ணீர் ஊற்ற அத்தை விடவில்லை.

அந்த வாரம்தான் உபதேசியார் கட்டளைகளைச் சொல்லிக்கொடுத்தார். ஓய்வுநாள் வந்தது. அன்று வீட்டுக்காரனும் வேலை செய்யக் கூடாது, வேலைக்காரனும் செய்யக் கூடாது, அவனுடைய மாடும் செய்யக் கூடாது என்று விளக்கினார். அப்பா மனிதர்களோடு அதிகம் பேசாதவர். மாடுகளோடுதான் நாள் முழுக்கப் பேசுவார். அன்று கையைத் தூக்கினார்.

"மாடுன்னு சொன்னீங்களே ஐயா, அது எந்த மாடு?"

"எல்லா மாடும்தான்" என்றார் உபதேசியார், பக்கத்தைப் புரட்டிக்கொண்டே.

அவருக்கு அது ஒரு வரி. அப்பா திரும்பி அந்த ஆறையும் பார்த்தார். நாங்கள் புது மதத்துக்கு வந்தது மனிதர்களாக நடத்தப்பட வேண்டும் என்று. மாட்டையும் சேர்த்து யாரோ ஒருவர் நினைத்திருக்கிறார் என்பது அவருக்குப் பெரிய ஆச்சரியம்.

அடுத்த ஞாயிறு அவர் ஏர் பூட்டவில்லை. ஆறு மாடுகளுக்கும் வைக்கோல் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஜெபம் முடிந்து கலைகிற நேரத்தில் ஆண்டையின் காரியக்காரர் வந்தார். வயல்வேலையை மேய்க்கிற ஆள். கையில் எப்போதும் சாட்டை இருக்கும்.

"மாடு இன்னாடா இன்னும் கட்டிக் கெடக்குது?"

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமைங்க."

"உனக்கா, மாட்டுக்கா?"

"ரெண்டு பேருக்குந்தாங்க."

காரியக்காரர் சிரித்துவிட்டார். "மாட்டுக்கும் தண்ணி தெளிச்சி ஞானஸ்நானம் குடுத்துட்டாங்களாடா?"

"குடுக்கலீங்க. லீவு மட்டும் வுட்டிருக்கோம்."

அப்பா அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனால் கேட்டவருக்கு அப்படித்தான் பட்டது. சாட்டை முதலில் கழுத்தில் விழுந்தது. அப்பா குனிந்ததும் முதுகு முழுவதும் விழுந்தது. சாட்டைச் சத்தத்துக்கு மாடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன. அவை முட்டிக்கொண்டு கொம்பை முறித்துக்கொள்ளுமோ என்று, அடியை வாங்கிக்கொண்டே அப்பா, "ஓ... ஓ... ஒண்ணுமில்ல" என்று அவற்றை அமர்த்தினார். வீட்டில் அம்மா விளக்கெண்ணெயும் மஞ்சளும் பூசும்போது நான் தடிப்புகளை எண்ணினேன். பதினேழு. தோல் கிழிந்தவை ஐந்து. எதைப் பார்த்தாலும் எண்ணுகிற இந்த வியாதி எனக்கு அன்று தொற்றியது.

"உனக்கு ஓய்வு வேணும்னா ஒடம்புக்கு முடியலன்னு படுத்துக்கோயேன்யா" என்றாள் அம்மா. "ஆண்டை மாட்டை எதுக்கு இதுல இழுக்கிற?"

"நான் படுத்துக்கினா வேற ஆள வச்சி அதுங்கள ஓட்டுவாங்க. என்ன வுட அதுங்கதான் ஒழைக்குதுங்க. வாயில்லாததுங்க. அதுங்க பேரும் கட்டளையில கீதுன்றாரு உபதேசியாரு. அப்புறம் நான் எப்படி ஓட்றது?"

"உன்ன அடிச்சிக் கொன்னுடுவாங்க."

"கொல்ல மாட்டாங்க. உழுவறதுக்கு ஆளு வேணும்."

அடுத்த ஞாயிறு ஆண்டையே வந்தார். காரியக்காரர் உட்பட எட்டு ஆட்களோடு. நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு கொட்டகையின் திறப்பில் நின்றார். பாட்டு ஒவ்வொரு வாயாக அணைந்தது. ஆறு மாடுகளும் படுத்துக் கிடந்தன.

ஆண்டை எங்களைப் பார்க்கவில்லை. உபதேசியாரைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார். "நீங்க படிச்சவங்க. ஒண்ணு சொல்லுங்க. அடுத்தவன் மாட்டைக் கட்டிப்போடுன்னு உங்க சாமி சொல்லியிருக்காரா?"

உபதேசியார் புத்தகத்தை மூடினார். அவருக்கு அப்போது இருபத்தாறு வயதுகூட இருந்திருக்காது என்று இப்போது கணக்குப் போடுகிறேன். அன்று எனக்கு அவர் கடவுளுக்கு அடுத்த ஆள்.

"இல்லீங்க. அது அவங்கவங்க சொந்த மாட்டுக்குச் சொன்னது. இவரு தப்பா புரிஞ்சிக்கிட்டாரு."

"எல்லா மாடும்னு சொன்னீங்களே ஐயா" என்றார் அப்பா. கோபமாக இல்லை. மறந்துவிட்டாரோ என்று நினைவூட்டுகிற மாதிரி.

ஆண்டை தலையை அசைத்தார். எட்டுப் பேரும் உள்ளே வந்தார்கள். மண்ணெண்ணெய் டின்னை ஒருவன் உதைத்தான். பெரியப்பாவின் தலையில் தடி விழுந்து காதுவழியாக ரத்தம் வழிந்தது. பெண்களின் கூந்தலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அத்தையை இழுத்தவன் காதை அவள் கடித்தாள். மேல் பாதி அவள் வாயோடு வந்துவிட்டது. அதைத் துப்பிவிட்டு மறுபடி பாய்ந்தாள். அவளை வயிற்றில் மிதித்தார்கள். மாடுகள் எழுந்து முட்டி மோத, அவற்றின் கால்களுக்கிடையில் குழந்தைகள் கிடந்து கத்தின. அப்பாவை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, காரியக்காரர் நுகத்தடியை எடுத்து அவருடைய வலது முழங்கையில் போட்டார். காய்ந்த பனைமட்டை முறிகிற ஓசை. அப்பா கத்தவில்லை, உட்கார்ந்துவிட்டார். பிறகு கழுவி வைத்திருந்த அந்தத் தொட்டியை உடைத்தார்கள். அது ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உபதேசியார்மேல் ஒரு விரல்கூடப் படவில்லை. கோட்டின் ஐந்து பொத்தான்களும் அப்படியே இருந்தன.

இவ்வளவும் முடிந்த பிறகு நடந்ததைத்தான் நாம் ஆலயத்தின் வரலாறு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். உபதேசியார் தனியாக ஆண்டை வீட்டுக்குப் போனார். ஒரு முறை அல்ல, பல முறை. அவரைத் திண்டாடவிட்டுக் கடைசியில் ஆண்டை சாலையோரம் எட்டு சென்ட் தருவதாகச் சொன்னார். சேரிக்காரர்கள் தன் கொட்டகையை விட்டுத் தொலைந்தால் போதும் என்று அவருக்கு. ஒரே நிபந்தனை. ஜெபம் பொழுது விடிவதற்குள் முடிந்துவிட வேண்டும். ஞாயிறானாலும் ஆளும் மாடும் வழக்கம்போல வயலில் இருக்க வேண்டும். உபதேசியார் எங்கள் குடிசைக்கு வந்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையோடு படுத்திருந்த அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே, எட்டு சென்ட். நம்ம ஜனத்துக்குன்னு இந்தப் பக்கம் யாருக்காவது ஒரு சென்ட் இருக்கா? நாளைக்கு அங்க செங்கல்லுல கோயில் வரும். பள்ளிக்கூடம் வரும். உங்க புள்ள படிப்பான்."

அப்பா கட்டுப்போட்ட கையை வயிற்றின்மேல் நகர்த்தி வைத்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழமைய குடுத்துட்டு கோயில வாங்கினு இன்னா பண்றது ஐயா? எந்தக் கெழமையில போயி அதுல குந்துறது?"

"விடியறதுக்குள்ள குந்துவோம்."

"மாடு?"

உபதேசியார் எழுந்தார். போகும்போது அவர் கண் கலங்கியிருந்தது. நான் பார்த்தேன்.

அவர் சொன்னது அத்தனையும் நடந்தது. செங்கல் கோயில் வந்தது, பிறகு கான்கிரீட், பிறகு இந்தக் கண்ணாடி முகப்பு. பள்ளிக்கூடம் வந்தது, அதில்தான் நான் படித்தேன், அதில் படித்ததால்தான் வாத்தியாரானேன். இதை எழுதாமல் விட்டால் கணக்கு நேராகாது. அப்பா உழுத வயலில் இன்று கார்களுக்கு பிரேக் செய்கிற கம்பெனி நிற்கிறது. மூன்று ஷிப்டு. என் பேரன் அங்கே லைனில் நிற்கிறான். ஞாயிறு ஆலயத்துக்கு வாடா என்றால் சிரிக்கிறான்.

"சண்டே வந்தா ஓ.டி. டபுள் தாத்தா. போகலன்னா சூப்பர்வைசர் போன் மேல போன் போடுவான்."

"ஒரு நாள்கூட ஓய்வு கெடையாதா?"

"மிஷினுக்கு உண்டு. சண்டே ஒரு லைன நிறுத்திட்டு மெயின்டனன்ஸ் பண்ணுவாங்க. நம்மள இன்னொரு லைனுக்கு மாத்தி வுட்ருவாங்க."

இளைஞர்கள் வருவதில்லை என்று போதகர் மேடையில் வருத்தப்படும்போது நீங்கள் எல்லோரும் உச்சுக்கொட்டுகிறீர்கள். நான் விசிறிகளை எண்ணுகிறேன்.

கதையை முடிக்கிறேன். அந்த எட்டு சென்ட்டில் இடுப்பளவு மண்சுவர் எழுப்பி, மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போட்டோம். முதல் ஞாயிறு, விடிவதற்கு முன்னால் ஆராதனை. எல்லோரும் குளித்துத் தலைவாரி வந்திருந்தார்கள். அப்பா வரவில்லை. பாட்டு முடிந்து கிழக்கு வெளுத்தபோது ஆண்கள் வயலுக்குப் போனார்கள். ஏர் இருந்தது, மாடுகள் இல்லை. அப்பா ஆறையும் அவிழ்த்து ஏரிக்கு அந்தப் பக்கம் ஓட்டிப்போயிருந்தார்.

இந்த முறை தேடிப் போனது காரியக்காரர் இல்லை. அவர் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, "உங்க ஆளு. நீங்களே இஸ்துகினு வாங்க. பொழுது ஏர்றதுக்குள்ள வரலன்னா அந்தப் பந்தலைப் பிரிச்சிக்கினு போங்கன்னு ஆண்டை சொல்லச் சொன்னாரு" என்றார். ஏழு குடும்பத்து ஆண்களும் போனார்கள். பதினோரு பேர். பெண்கள் பின்னால் ஓடினார்கள், அம்மாவும் அத்தையும் உட்பட. நானும் ஓடினேன்.

வேலிக்காத்தான் நிழலில் அப்பா உட்கார்ந்திருந்தார். மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. முன்னால் நின்றவர் பெரியப்பா, அப்பாவின் சொந்த அண்ணன். தலைக் காயத்தில் இன்னும் கட்டு இருந்தது.

"ஏந்திரி. மாட்டை ஓட்டு."

"நாளைக்கு ஓட்றேண்ணா. இன்னிக்கு வாணாம்."

"ஏழு குடும்பம்டா. நம்ம தலமொறையிலயே மொத மொதல்ல ஒரு எடம் கெடச்சிருக்குது. ஆறு மாட்டுக்கோசரம் அத்தக் கெடுப்பியா?"

"நம்மள அடிச்சவன் குடுத்த எடம்ணா அது."

"எவன் குடுத்தா இன்னா? எடம் எடந்தான்."

"கட்டளை?"

பெரியப்பா அறைந்தார். அப்பா விழுந்தார். பிறகு யார் முதலில், யார் அடுத்து என்று சொல்ல முடியாது. கையால், காலால், முள்ளுக் கம்பால். கொட்டகையில் அவரோடு தோள் உரசப் பாடியவர்கள். ஒருவர் அழுதுகொண்டே அடித்தார். "ஒத்துக்கோடா, ஒத்துக்கோடா" என்று ஒவ்வொரு அடிக்கும் கெஞ்சினார். கட்டுப்போட்ட கையை யாரோ மிதித்தபோது அப்பா முதல்முறையாக அலறினார். அம்மா அவர்மேல் போய் விழுந்தாள். அவளையும் இழுத்து எறிந்தார்கள். அத்தை என் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "பாக்காத" என்றாள். அன்று அவள் யாரையும் கடிக்கவில்லை.

உபதேசியார் ஓடிவந்து விலக்கினார். பிறகு எல்லோரையும் நிற்கவைத்து ஜெபம் செய்தார். சமாதானத்துக்காக. அடித்தவர்கள் ஆமென் சொன்னார்கள். அப்பாவின் உதடு கிழிந்திருந்தது. அவரும் சொன்னார்.

வெயில் ஏறுவதற்குள் மாடுகள் வயலுக்கு வந்துவிட்டன. அப்பா இடது கையாலேயே நுகத்தைத் தூக்கி வைத்தார். பூட்டுக்கயிற்றின் ஒரு முனையைப் பல்லால் இழுத்துக் கட்டினார். உதவ வந்த பெரியப்பாவைத் தள்ளிவிட்டார். சாலையோரத்தில், இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏரின் மேழியைப் பிடித்து அதட்டினார். மாடுகள் நகரவில்லை. அவர்மேல் இருந்த ரத்த வாடையாக இருக்கலாம். வேறு காரணம் எனக்குத் தெரியாது. இடப்பக்கத்து மயிலைக் காளை மட்டும் கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தது.

"அடிறா" என்றார் காரியக்காரர்.

அப்பா மாட்டை ஓட்டுகிற தார்க்குச்சியைச் சேற்றில் போட்டார். மேழியை விட்டுவிட்டு, தாங்கித் தாங்கி முன்னால் நடந்துபோய், மயிலையின் கழுத்தில் நெற்றியை வைத்து நின்றார். நான் வரப்பில் பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

"இன்னிக்குத் திங்கக்கெழமைதான்" என்று அதனிடம் சொன்னார். "நட."